வழிப்போக்கரும் சாப்பாட்டுக்கடையும்

“கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?” என்று கேட்கிறது தமிழ்ப் பழமொழி. வீட்டிலிருந்து பிரயாணி எடுத்துச் செல்லும் சோற்றுப் பொதி ஒரு வேளைக்கு உதவும். மிஞ்சினால் இரண்டு வேளைக்கு உதவும். மூன்றாம் வேளைக்கு அவர் முன்பின் அறியாத ஓரிடத்தில் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவர் ஆக்கியதை உண்டே தீரவேண்டும். சிந்தித்துப் பார்த்தால் இது வியப்புக்குரிய காரியந்தான். முகமறியாத மனிதருக்குப் பத்து ரூபாய் கடன் கொடுக்க எவரும் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பர். ஆனால் முகமறியாத மனிதர் அடுப்படியில் கிளறிய கறியை யோசனையின்றி வாயில் இடுவர். பணப்பையைக் காக்கும் அளவுக்கு வயிற்றை எவரும் காப்பதில்லை.

வெளியூர் சென்றால் நன்றாக உண்பது எப்படி என்ற கேள்விக்கு, ருசியான கடை எது என்று விசாரித்து வைத்துக்கொள்வதே போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். ருசி வேண்டியதே. ஆயினும் கடைச் சோற்றுக்கு அடிப்படையாக இருப்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை எதனால் உண்டாகிறது, எதனால் கெடுகிறது, அதைக் காப்பதில் உண்பவருக்கு என்ன பங்கு என்பவற்றை அறிந்தவரே வெளியூரில் நன்றாக உண்ண வல்லவர். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டக்கூடிய இடங்களுள் ஒன்று கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரம். சிறப்பாகக் கல்முனையும் அதனைச் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை வழியாக வரும் பெருந்தெரு பொத்துவிலில் கிழக்குக் கடலைத் தொட்டு, அங்கிருந்து வடக்கே திரும்பி மட்டக்களப்பு வரை செல்கிறது. அதில் பஸ்ஸில் செல்பவர் இருபுறமும் காணும் ஊர்களின் வரிசை கவனிக்கத் தக்கது. திருக்கோவிலும் தம்பிலுவிலும் தமிழ் ஊர்கள். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் என அடுத்து வருபவை முஸ்லிம் மக்கள் நிறைந்தவை. அப்பால் சுவாமி விபுலானந்தர் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவு. அது தமிழ் ஊர். அதனைக் கடந்தால் மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி. பின்னர் இரு சமூகத்தாரும் வாழும் கல்முனை நகரம். அதற்கும் வடக்கே பாண்டிருப்பு தமிழ் ஊர், கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற மருதமுனை முஸ்லிம் ஊர். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் எல்லையைப் பெயர்ப்பலகை இன்றி அறிதல் கடினம்.

இவ்வமைப்பைக் குறிக்க மட்டக்களப்புப் பகுதி மக்கள் எடுத்தாளும் உவமை அடுக்களையிலிருந்தே வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பர். பிட்டுக் குழலில் ஒரு கை மா, ஒரு கை தேங்காய்ப்பூ என்று மாறிமாறி இட்டு ஆவியில் அவிப்பார்கள். வெந்தபின் தள்ளி எடுத்தால் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்; ஆயினும் தேங்காய்ப்பூ இல்லாத பிட்டு தொண்டையில் அடைக்கும், பிட்டு இல்லாத தேங்காய்ப்பூ உணவாகாது. ஓர் உவமை இவ்வளவு பொருத்தமாக அமைவது அரிது.

இக்கரையோரத்தில் நல்ல சமையல் வீட்டிலேயே வாழ்கிறது என்பதை முதலிற் சொல்லவேண்டும். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு திறத்தாரிடத்தும் தாய்வழிக் குடிமரபு இங்கு வேரூன்றியது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் பெண் வீட்டுக்கு வாழ வருவான். ஆகவே தாயின் கைப்பக்குவம் அதே அடுக்களையிலோ அடுத்த வளவிலோ மகளின் கைக்கு மாறும். விருந்தாளியைக் கடைக்கு அனுப்புவது வீட்டாருக்கு இழுக்கு. மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று பிற பகுதியார் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. அதற்கு மந்திரம் காரணம் என்பது கதை. சோறும் தயிரும் மீனும் உபசாரமும் காரணம் என்பது சென்று வந்தவர் கண்டது. ஆடி மாதத்தை ஒட்டிக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் பாத யாத்திரிகர்களுக்கு வழியூர் மக்கள் உணவளித்து அனுப்பும் மரபும் இந்நிலத்துக்கு உரியது.

வீட்டில் இவ்வளவு வளம் இருக்கையில் கடைக்கு என்ன வேலை? உறவினர் இல்லாதவருக்கே கடை வேண்டும். அத்தகைய வழிநடையின் துன்பத்தை இவ்வூர்களின் முஸ்லிம் மக்கள் தம் வரலாற்றிலேயே அறிவர். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களிற் பலரைக் கிழக்கில் குடியேற்றினான் என்று வரலாறு கூறும். பின்வந்த காலத்தில் அவர்களுள் வணிகர், தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் ஏற்றிக் காடுகளைக் கடந்து மலைநாட்டுக்குச் சென்று, அங்குள்ள விளைபொருள்களை ஏற்றித் திரும்பினர். வழியிற் பசித்தவரின் வழித்தோன்றல்களே இன்று வழியிற் பசித்தவர்க்குக் கடை விரித்திருக்கின்றனர் என்பது பொருத்தமானதுதான்.

இத்தகைய கடையில் நன்றாக உண்பதற்கு முதல் விதி, அவ்வூரின் நேரத்தை அறிதல். காலையில் ஆவி பறக்கும் இடியப்பமும் பிட்டும் அப்பமும் இங்கு உண்டு. சுபஹுத் தொழுகை முடிந்து வருபவருக்கும், வயலுக்கும் கடற்கரைக்கும் செல்பவருக்கும் ஆக்கப்படுவது அது. அதனோடு சொதியும் சம்பலும் வரும். முஸ்லிம் மக்கள் ஆணம் என்று வழங்கும் கறியும் வரும். ஒன்பது மணிக்கு எழுந்து பத்து மணிக்கு இடியப்பம் கேட்பவருக்குக் கிடைப்பது காய்ந்த எச்சம். குற்றம் கடையினுடையது ஆகாது. நண்பகலில் சோறு. மாலையில் தேநீரும் சிற்றுண்டியும். இரவில் ரொட்டியும் கொத்து ரொட்டியும். வீசி அடித்துச் சுட்ட ரொட்டியைச் சூடான இரும்புத் தட்டில் இட்டு, இரு தகடுகளால் தாளம் தவறாமல் கொத்தி, முட்டையும் மரக்கறியும் இறைச்சியும் ஆணமும் சேர்த்து எடுக்கும் கொத்து ரொட்டிக்குப் பிறப்பிடம் கிழக்கிலங்கையே என்று பரவலாகச் சொல்வார்கள். அன்று சுட்ட ரொட்டியை அப்போதே கொத்தினால் அது அமிர்தம். நண்பகலில் அதைக் கேட்டுப் பிடிவாதம் செய்பவருக்குக் கிடைப்பது நேற்றைய ரொட்டி.

வாரத்துக்கும் ஆண்டுக்கும் நேரம் உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகையை முன்னிட்டு முஸ்லிம் ஊர்களில் கடைகள் மூடப்படும். இதனை அறியாது பசியோடு வந்திறங்கிக் கதவைத் தட்டிக் கோபிப்பவர் தம்மைத்தாமே நொந்துகொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் பகற்பொழுதில் உணவுக்கடைகள் பெரும்பாலும் திறவா. ஆனால் சூரியன் மறையும் வேளையில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி பகிரப்படும். அரிசியும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் உள்ளியும் சேர்ந்த அக்கஞ்சி, நாள் முழுதும் வெறுமையாகக் கிடந்த வயிற்றை உறுத்தாது நிரப்பும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேற்றம் நடைபெறுங் காலத்தில் அங்கு செல்பவர் கந்தூரிச் சோறும் உண்ணலாம்.

கடலுக்கும் பருவம் உண்டு. கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அப்போது கரைவலை இழுக்கும் காட்சியை இங்கு காணலாம். கீரியும் சூடையும் பாரையும் குவியும். ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்து மழை பொழியும்போது வள்ளங்கள் கரையேறும். அப்போது குளத்து மீனுக்கும் கருவாட்டுக்கும் மதிப்பு உயரும். இலங்கைக்கு 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இன்று உள்நாட்டுக் குளங்களில் நிறைந்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் கல்லோயாத் திட்டத்தால் உருவான சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் பாயும் வயல்கள் இக்கரைக்குப் பின்னால் விரிந்து கிடக்கின்றன. பெரும்போகம் வெட்டிய மாசி, பங்குனி மாதங்களில் புதிய நெல்லின் மணம் ஊர்களில் வீசும். எருமைத் தயிர் சட்டியோடு வரும். சோறு உண்டு முடித்தபின் ஒரு பிடி சோற்றில் அத்தயிரும் வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து உண்பது இந்நாட்டு முடிப்பு. “இன்று என்ன நல்லது?” என்று கேட்டு, சொன்னதை உண்பவருக்குக் கடலும் வயலும் அன்று தந்தது கிடைக்கும். வேறு ஊரில் உண்டதை இங்கும் தேடுபவருக்கு அவ்வூரின் நினைவு மாத்திரமே மிஞ்சும்.

இரண்டாம் விதி, கண்ணாற் கண்டு அறிதல். நம்புதல் என்பது கண்ணை மூடிக்கொள்வது ஆகாது. கூட்டம் நிறைந்த கடையே நல்லது என்று சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. கூட்டம் உள்ள இடத்தில் சட்டி விரைவில் வெறுமையாகும். வெறுமையாகும் சட்டியில் பழையது தங்காது. அக்கூட்டம் உள்ளூராரின் கூட்டமாக இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. பிரயாணி ஒரு முறை வந்து போகிறவர். அவரை ஏமாற்றிய கடை நாளைக்கும் பிழைக்கும். நாள்தோறும் வரும் ஆசிரியரையும் மேசனையும் மீன் வியாபாரியையும் ஏமாற்றிய கடை ஒரு வாரம் தாங்காது.

மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். சூரை இன மீன்களையும், கீரி, சூடை போன்றவற்றையும் பிடித்தபின் பனிக்கட்டியில் இடாது வெயிலில் விட்டால், பற்றீரியாக்களின் செயலால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். எவ்வளவு வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. உண்ணும்போதே மிளகு கடித்தாற்போல் நாக்கு எரிவதும், சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலை வலிப்பதும் அதன் அடையாளங்கள். நாக்கு அப்படி எச்சரித்தால் காசு போயிற்றே என்று கருதாது தட்டை நகர்த்திவிடுதல் நன்று. சோற்றிலும் இத்தகைய இடர் உண்டு. ஆக்கிய சோறு வெப்ப நாட்டின் காற்றிற் பல மணிநேரம் கிடந்தால் அதில் ஒருவகைப் பற்றீரியா பெருகி நஞ்சைச் சுரக்கும். மீண்டும் சூடாக்குவதால் அந்நஞ்சு நீங்கிவிடாது. ஆதலின் இரவு வெகுநேரம் சென்றபின் வறுத்துத் தரப்படும் சோற்றைவிட, கண் முன்னே சுடப்படும் ரொட்டி பாதுகாப்பானது. கரையோர மணற்கிணறுகள் ஆழமற்றவை. நீரைப்பற்றி ஐயம் தோன்றினால் கொதித்த நீரில் வார்த்த வெறுந்தேநீரும், வெட்டித் தரும் இளநீரும் என்றும் துணை.

அரசாங்கத்தின் கண்ணும் இக்கடைகள்மீது உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளுக்குள் நுழைந்து பார்வையிடவும், மாதிரிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவும் அதிகாரம் பெற்றுள்ளனர். குறை கண்டவர் தெருவில் நின்று கூவவேண்டியதில்லை. சொல்லவேண்டிய இடம் இருக்கிறது. இவ்வொரு செய்தியைப் பிரயாணி நினைவில் வைத்தல் வேண்டும். இதன் பயன் பின்னர் விளங்கும்.

மூன்றாம் விதி, கடையின் ஒழுக்கத்தை அறிதல். தேநீர் கேட்டு அமர்ந்தவரின் மேசைமீது, கேளாமலே ரோல்ஸும் பட்டிஸும் வடையும் நிறைந்த தட்டு ஒன்று வைக்கப்படும். அது இலவசமும் இல்லை, கட்டாயமும் இல்லை. உண்டதை எண்ணிக் காசு வாங்குவார்கள். எஞ்சியது அடுத்த மேசைக்குச் செல்லும். ஆகவே உண்ண எண்ணாததைத் தொட்டுப் பாராதிருப்பது நாகரிகம். சோற்றுக்கு உரிய மரக்கறிகளைக் கேட்கும்போதெல்லாம் மீண்டும் இடுவார்கள். மீனுக்கும் இறைச்சிக்கும் துண்டுக் கணக்கு. மாட்டிறைச்சி உண்ணாதவர் அதை முன்கூட்டியே அமைதியாகச் சொல்லிவிட்டால் எவரும் முகம் சுளிப்பதில்லை. சைவ உணவே வேண்டுபவர் காரைதீவிலோ கல்முனையின் தமிழ்ப் பகுதியிலோ விசாரித்தல் நன்று. பன்றி இறைச்சியும் மதுவும் முஸ்லிம் கடைகளில் இல்லை. அவற்றைக் கேட்பதும், வெளியிலிருந்து கொண்டுவருவதும் தகாத செயல். வைபவங்களில் பலர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, தத்தம் முன்புறத்திலிருந்து மட்டும் எடுத்து உண்ணும் வழக்கம் இம்மக்களிடையே உண்டு. அடுத்தவர் பங்கில் கை நீளாது. தன் பங்கையும் மறைப்பதில்லை. ஒரே பாத்திரத்தில் எல்லை காத்து உண்ணும் அப்பழக்கம் நல்ல அயலுக்கும் இலக்கணமாகும்.

இம்மூன்று விதிகளையும் அறிந்தவர் நன்றாக உண்பார். ஆயினும் எந்தக் கடைக்காரரும் தனியே காத்துவிட முடியாத ஒன்று உண்டு. அது மக்களுக்கிடையேயுள்ள நம்பிக்கை. அது குலைந்தால் எவ்வளவு சுத்தமான சமையலும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

1990ஆம் ஆண்டில் கிழக்கு மாகாணம் அதனைக் கண்டது. அவ்வாண்டின் கொடிய கொலைகளுக்குப் பின்னர் பக்கத்து ஊருக்குச் செல்லவே மக்கள் அஞ்சினர். ஒரே தெருவில் அடுத்தடுத்து நின்ற கடைகளுக்குள்ளும் இன்னார் செல்லும் கடை, இன்னார் செல்லாத கடை என்ற கோடு விழுந்தது. பிட்டையும் தேங்காய்ப்பூவையும் பிரித்து வைத்த காலம் அது. இரு அடுக்குக்கும் தொண்டை அடைத்தது.

பின்னர் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடற்கரையை ஒட்டிய வீடுகள் மண்ணோடு மண்ணாயின, கிணறுகள் உப்பாயின, அடுப்புகள் இல்லாமற் போயின. அலை எட்டாத உட்புற ஊர்களிலிருந்து சோற்றுப் பொதிகள் வந்தன. முஸ்லிம் ஊர்களிலிருந்தும் தமிழ் ஊர்களிலிருந்தும் வந்தன. சிங்கள மக்கள் வாழும் அம்பாறைப் பக்கத்திலிருந்தும் வந்தன. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒதுங்கியிருந்தவர்கள் அப்பொதிகளை அவிழ்த்தபோது, இது யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்று கேட்கவில்லை. முகமறியாதவர் ஆக்கிய சோற்றை முகமறியாதவர் உண்டனர். அதனால் உயிர் பிழைத்தனர்.

அதே மாவட்டத்தில், பதின்மூன்று ஆண்டுகள் கடந்து, 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு வேறொன்று நடந்தது. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ணச் சென்றவர்கள் கறியில் ஒரு வெண்ணிறக் கட்டியைக் கண்டனர். சிங்கள மக்களை மலடாக்குவதற்காக முஸ்லிம் கடைகளில் உணவிலே மருந்து கலக்கிறார்கள் என்ற வதந்தி ஏற்கெனவே பரவியிருந்தது. “மருந்து போட்டாயா?” என்று சூழ்ந்து நின்று கேட்டார்கள். கேட்கப்பட்டவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. அச்சத்திற் கூறிய அரைகுறை விடை ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. அது படமாக்கப்பட்டுக் கைத்தொலைபேசிகள் வழியே நாடெங்கும் பரப்பப்பட்டது. உணவகம் அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. சில நாட்களில், வேறோர் உடனடிக் காரணத்தால், கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியில் கலவரம் மூண்டு பரவியது. மார்ச் 6ஆம் நாள் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

அந்தக் கட்டியை அரசாங்கப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தார். அதில் எந்த மருந்தும் இல்லை. அது வெறும் மாப்பொருள். உணவிற் கலந்து உண்பவரை நிலையாக மலடாக்கிவிடும் மாத்திரை ஒன்று உலகில் இல்லை என்று மருத்துவ அறிஞரும் எடுத்துரைத்தனர். ஆயினும் ஆராய்ச்சியின் முடிவு வருமுன்னரே கண்ணாடிகள் உடைந்துவிட்டன.

இங்கு சமையற்கட்டின் சிறு பாடம் ஒன்றைச் சொல்லுதல் தகும். குழம்பைத் தடிப்பாக்கக் கோதுமை மாவைக் கொதிக்கும் கறியில் நேரே கொட்டினால் என்னவாகும்? மாவின் வெளிப்புறம் சூடு பட்டவுடன் பசையாகிவிடும். அப்பசை உள்ளேயுள்ள மாவைச் சூழ்ந்து மூடிக்கொள்ளும். நீர் உள்ளே நுழையாது. ஆதலால் வெளியே வெந்து உள்ளே உலர்ந்த வெண்கட்டி உண்டாகும். குளிர்ந்த நீரில் முன்னரே கரைத்து, பின்னர் கறியில் மெல்ல ஊற்றிக் கிளறினால் கட்டி விழாது. இதை அறியாத இல்லத்தரசி தமிழர் வீட்டிலும் இல்லை, முஸ்லிம் வீட்டிலும் இல்லை, சிங்களவர் வீட்டிலும் இல்லை. அவசரக்காரரான ஒரு சமையற்காரரின் கைத்தவறு எந்த வீட்டிலும் சிரிப்போடு முடிந்திருக்கும்.

மாவுக்கட்டியே அத்தீங்குக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. பகையை வளர்க்க விரும்பியோர் முன்னரே விதைத்திருந்தனர்; கட்டி ஒரு சாக்கு. ஆயினும் சாக்குக்கு இடம் கொடுத்தவை இரண்டு. ஒன்று, கறியில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் சொல்லவும் இருதரப்புக்கும் பொதுவான மொழி இல்லாமை. மற்றொன்று, பரிசோதகரிடம் செல்லவேண்டிய முறைப்பாடு கூட்டத்திடம் சென்றமை. இவ்விரண்டையும் திருத்துவது சட்டத்தின் வேலை மாத்திரம் ஆகாது. உண்பவரின் வேலையும் கடைக்காரரின் வேலையுமாகும்.

ஆகவே வெளியூர் செல்லும் தமிழ்ப் பிரயாணி, கட்டுச்சோற்றோடு சில சொற்களையும் கட்டிக்கொண்டு செல்லுதல் நலம். சிங்கள ஊரிற் சென்றால் “இது என்ன?” என்பதற்கு “மே மொகக்த?” என்று கேட்கக் கற்றுக்கொள்ளலாம். கல்முனைக் கரைக்கு வரும் சிங்களப் பிரயாணியும் அதே கேள்வியைத் தமிழிற் கேட்கக் கற்றால், கடைக்காரர் மகிழ்ந்து, மூடியைத் திறந்து சட்டியையே காட்டுவார். கடைக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. அடுப்படியை மறைத்து வைக்காது, வருபவர் கண்ணுக்குத் தெரியுமாறு அமைத்தல். தம் பட்டியலை இரு மொழியிலும் எழுதி வைத்தல். கேட்டவரிடம் சினவாது விளக்குதல். கொத்து ரொட்டிக்காரர் வாயிலில் நின்று எல்லார் காணவும் கொத்துவது வாடிக்கையாளரை அழைப்பதற்கு மாத்திரம் உதவவில்லை. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதற்கும் அதுவே சான்று.

உண்டு முடித்தவர் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து செல்வது வழக்கம். அத்துடன் சமைத்தவரை நோக்கி, “கறி நன்றாக இருந்தது” என்று ஒரு சொல் சொல்லிச் செல்லலாம். உப்பு மிகுந்திருந்தால் அதையும் அவரிடமே தனியே சொல்லலாம். முகமறியாத இருவர் அந்தச் சொல்லோடு முகமறிந்தவர் ஆகிவிடுவர். மறுமுறை அவ்வழியே வரும்போது அக்கடை அவருக்கு அந்நியர் கடையாக இராது. அவரைக் கண்டதும், கேளாமலே, அன்று வந்த மீனில் நல்ல துண்டு ஒன்று தட்டில் விழும்.